ஆசான்களின் பெயரும் சமூகத்தின் கடனும்

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருக் களத்தில் சிறைப்பட்ட மக்காவாசிகளுள் மீட்புப் பணம் செலுத்த வசதியற்றோர் சிலர் இருந்தனர். அவர்களுள் எழுத்தறிந்தோர் மதீனாச் சிறுவர்க்கு எழுதக் கற்பித்துத் தம் விடுதலையைப் பெறலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். ஒரு கைதிக்குப் பத்துச் சிறுவர் என்ற கணக்கையும் இப்னு ஸஃது (ரஹ்) அவர்களின் நூல் நமக்குத் தருகின்றது. அவ்வாறு எழுதக் கற்றவர்களுள் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களும் ஒருவர் என்று அந்நூல் குறிக்கின்றது. திருக்குர்ஆனை ஏட்டில் தொகுக்கும் பெரும்பொறுப்பு பிற்காலத்தில் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது.

கல்வியின் சிறப்பைப் பேசும் மேடைகளில் இச்செய்தி அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. ஆனால் அதில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. மாணவரின் பெயர் நமக்குத் தெரியும். அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கைதி யார் என்பதை அச்செய்தி சொல்லவில்லை. கற்றவர் புகழ் பெறுவதும் கற்பித்தவர் மறைந்து போவதும் உலகில் எங்கும் நிகழ்வதே. அம்மறைவைத் தடுக்க வேண்டும் என்று அறிவுலகில் பெருமுயற்சி எடுத்த சமூகங்களுள் நம் முன்னோர் முதன்மையானோர். அவர்தம் வழியில் வந்த நாம் அக்கடனை இன்று எவ்வாறு நிறைவேற்றுகின்றோம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விழாவும் மலரும்

நம் நாட்டில் சேவை நலன் பாராட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினம் கொண்டாடப்படுகின்றது. அதிபர் ஒருவர் ஓய்வு பெற்றால் பழைய மாணவர்கள் கூடுகின்றனர், பொன்னாடை போர்த்தப்படுகின்றது, நினைவுச் சின்னம் வழங்கப்படுகின்றது, மலரும் வெளியிடப்படுகின்றது. இவற்றை நாம் குறைகூற வரவில்லை. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவரே என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை அறிந்த சமூகம் இத்தகைய விழாக்களை நடத்துவது பொருத்தமானதே.

எனினும் அண்மையில் நமக்கேற்பட்ட ஓர் அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. கிராமப் பாடசாலையொன்றில் நீண்டகாலம் பணியாற்றி மறைந்த ஆசிரியர் ஒருவரைப் பற்றிச் சில குறிப்புகள் எழுத வேண்டியிருந்தது. அவருக்காக முன்னர் வெளியிடப்பட்ட பாராட்டு மலரைத் தேடிப் பெற்றோம். வழவழப்பான தாளில் அழகிய அச்சு. வாழ்த்துச் செய்திகளும் கவிதைகளும் நிறைந்திருந்தன. அவர் கல்விக் கடல் என்றும், அணையா விளக்கு என்றும், சமூகச் சிற்பி என்றும் பலர் எழுதியிருந்தனர். ஆனால் அவர் எந்த ஆண்டில் அவ்வூருக்கு வந்தார், யாரிடம் கற்றார், எந்தப் பாடத்தைக் கற்பித்தார் என்பவற்றுள் ஒன்றைக்கூட அம்மலரின் வழியே நாம் அறிய முடியவில்லை. பக்கங்களைப் புரட்டி வருகையில் நாம் எழுதிய வாழ்த்துச் செய்தியும் அதில் இருந்தது. அதிலும் அடைமொழிகளே இருந்தன. ஒரு மனிதரை ஏறத்தாழ இருபதாண்டுகள் அறிந்திருந்த நாம், அவரைப் பற்றி ஒரு செய்தியும் சொல்லாமல் ஒரு பக்கத்தை நிரப்பியிருந்தோம். அந்த நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

முன்னோர் கண்ட முறை

ஆசானைப் போற்றுதல் என்பதற்கு நம் அறிவு மரபு தந்த பொருள் வேறு. அங்கே போற்றுதல் என்பது முதலில் சாட்சி கூறுதலாகும். ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஓர் அறிவிப்பாளரைப் பற்றி எழுதும்போது அவர் பிறந்த ஊர், மறைந்த ஆண்டு, அவருடைய ஆசிரியர்கள், மாணவர்கள், கல்விப் பயணங்கள், நினைவாற்றலின் தரம் ஆகியவற்றைக் குறித்தனர். முதுமையில் நினைவு தளர்ந்திருந்தால் அதனையும் மறைக்கவில்லை. புகழ்ச்சிக்காகப் பொய்யுரைப்பது ஆசானுக்கும் அறிவுக்கும் செய்யும் துரோகமென அவர்கள் கருதினர். ஆயிரம் ஆண்டுகள் கடந்த பின்னரும் அவர்களை நாம் மனிதர்களாகக் கண்டுகொள்வது அந்நேர்மையால்தான்.

ஹிஜ்ரி 230இல் மறைந்த இப்னு ஸஃது தம் தபகாத் நூலின் இறுதிப் பகுதியைப் பெண்களுக்கென ஒதுக்கினார். ஹிஜ்ரி 902இல் மறைந்த இமாம் ஸகாவி அவர்கள் ஹிஜ்ரி 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தோரைப் பற்றி எழுதிய அள்ளவ்உல் லாமிஃ என்னும் பெருநூலின் 12ஆம் பாகம் முழுவதும் பெண்களைப் பற்றியதே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்மணிகளின் குறிப்புகள் அதில் உள்ளன. கல்வி கற்றோரும் கற்பித்தோரும் இஜாஸா வழங்கியோரும் அவர்களுள் பலர். அதே ஸகாவி அவர்கள் தம் ஆசான் இப்னு ஹஜர் அஸ்கலானி அவர்களுக்கென அல்ஜவாஹிர் வத்துரர் என்ற தனிநூலையும் யாத்தார். இப்னு ஹஜர் அவர்களோ தம்முடைய ஆசிரியர்களைத் தொகுத்து நூல் செய்தவர். தம் ஆசிரியர்களைப் பதிந்தவரை அவருடைய மாணவர் பதிந்தார். அம்மரபு இவ்வாறே வளர்ந்தது.

இம்மரபு அரபுலகோடு நின்றுவிடவில்லை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையின் கடலோர ஊர்களிலும் அது வேரூன்றியிருந்தது. 1816இல் காயல்பட்டினத்திற் பிறந்து 1898இல் கீழக்கரையில் மறைந்த இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் அவர்களை நம் மக்கள் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்றே அழைக்கின்றனர். தம் ஆசான் தைக்கா சாஹிபு அவர்களின் மகளை மணந்தமையால் வந்த பெயர் அது. ஆசானோடு கொண்ட உறவே ஒருவரின் பெயராக நிலைத்துவிட்ட இந்நிகழ்வு நம் மரபின் இயல்பை விளக்கப் போதுமானது. அவர் இலங்கைக்குப் பலமுறை வந்து பணியாற்றியவர். இவர் போன்ற பெரியார்களின் வரலாற்றையும் அரபுத்தமிழ் நூல்களையும் இரு கரைகளிலுமிருந்து திரட்டித் தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பெருநூல், அண்மைக் காலத்தில் எழுந்த ஒரு தபகாத் என்றே கொள்ளத் தக்கது.

மூன்று ஆசான்கள், ஒரு சங்கிலி

இலங்கை முஸ்லிம்களின் நவீன கல்வி வரலாற்றில் மூவரை நினைவுகூராமல் எவரும் மேற்செல்ல முடியாது. அவர்களை நாம் தனித்தனியே பாராட்டுவதுண்டு. ஓர் இஸ்னாதைப் போல ஒருவரோடொருவர் இணைத்துப் பார்த்தாலே அவர்தம் பணியின் முழு வடிவமும் தெரியும்.

முதலாமவர் அறிஞர் சித்திலெவ்வை. 1838இல் கண்டியிற் பிறந்தவர், சட்டத்தரணி. 1882இல் முஸ்லிம் நேசன் இதழைத் தொடங்கினார். 1885இல் வெளிவந்த அவரது அசன்பே சரித்திரம் தமிழின் முற்காலப் புதினங்களுள் வைத்து எண்ணப்படுவது. ஆயின் இதழும் புதினமும் அவருக்குக் கருவிகளே. தம் சமூகத்தின் பிள்ளைகள் மார்க்கக் கல்வியோடு ஆங்கிலம் முதலான மொழிகளையும் கற்க வேண்டும் என்பதே அவரது வாழ்நாள் வேட்கை. அரசாங்க உதவி பெற்ற ஆங்கிலப் பாடசாலைகளிற் பல கிறித்தவ மிஷனரிமாரின் கையில் இருந்த காலம் அது. அங்கே அனுப்பினால் பிள்ளைகள் ஈமானை இழப்பர் என்று பெற்றோர் அஞ்சினர். அவ்வச்சத்தை அவர் இழித்துரைக்கவில்லை. ஈமானுக்கு ஊறின்றி இவ்வுலகக் கல்வியும் தரும் பாடசாலைகளை நாமே நிறுவினால் அவ்வச்சம் தானே நீங்கும் என்று கண்டார். பெண்பிள்ளைகளின் கல்விக்காகவும் கண்டியில் முயன்றார்.

எகிப்தியப் புரட்சியில் தோல்வியுற்று 1883இல் ஆங்கிலேயரால் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட ஒறாபி பாஷாவின் வருகை அம்முயற்சிக்கு ஊக்கமளித்தது. கட்டட ஒப்பந்தத் தொழிலில் பெயர் பெற்ற வாப்பிச்சி மரைக்காரும் துணைநின்றார். 1892இல் கொழும்பு மருதானையில் அல்மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா உருவாயிற்று. பின்னாளில் ஸாஹிறாக் கல்லூரி என்று பெயர் பெற்றது அதுவே. எழுத்தாளரும் நாடிழந்த படைத்தலைவரும் கட்டடக் கலைஞரும் ஒன்றுகூடி எழுப்பிய நிலையம் அது. 1898இல் சித்திலெவ்வை மறைந்தபோது அவர் கனவு கண்ட உயர்நிலையை அப்பாடசாலை எய்தியிருக்கவில்லை. அவருடைய உருவம் பொறித்த முத்திரையை இலங்கை அரசு 1977இல் வெளியிட்டது. அவர் மறைந்து அப்போது 79 ஆண்டுகள் கடந்திருந்தன.

இரண்டாமவர் ரி.பி. ஜாயா. 1890இற் பிறந்த மலாய் முஸ்லிம். கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிற் கற்பித்தவர், 1921இல் ஸாஹிறாவின் அதிபரானார். நலிந்திருந்த ஒரு பாடசாலையை அவர் கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தம் தோளிற் சுமந்து நாட்டின் முன்னணிக் கல்லூரிகளுள் ஒன்றாக உயர்த்தினார். அளுத்கம, கம்பளை, புத்தளம் ஆகிய இடங்களிலும் ஸாஹிறாவின் கிளைகள் தோன்றின. தலைநகரில் வசதியுடையோர்க்கு மட்டும் கல்வி கிடைத்தாற் போதாது என்ற எண்ணமே அதன் பின்னணி. 1947இல் அமைந்த முதலாவது அமைச்சரவையில் தொழில் அமைச்சரானார். பின்னர் பாகிஸ்தானில் இலங்கையின் உயர்ஸ்தானிகராகவும் பணியாற்றினார். இத்தனை பதவிகளுக்குப் பின்னரும் மக்கள் அவரை அதிபராகவே நினைவிற் கொண்டனர். 1960இல் ஹஜ்ஜுக் கடமைக்காகச் சென்ற அவர் மதீனா நகரில் மறைந்து, ஜன்னதுல் பகீஃயில் அடக்கம் பெற்றார். மதீனத்து மண்ணைவிட உயர்ந்த பரிசு ஓர் ஆசானுக்கு வேறென்ன கிடைக்கக்கூடும்?

மூன்றாமவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்தவர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் கற்றவர். இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவரே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றினார். உணவு உற்பத்தியைப் பெருக்குவதே அவருக்கு இடப்பட்ட பணி. வயல்களைப் பார்வையிடச் சென்றவர் அவ்வயல்களில் உழைத்தோரின் வறுமையையும், அவர்தம் பிள்ளைகள் கல்வியின்றி நின்ற நிலையையும் கண்டார். அங்கே ஒரு முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாகக் காரணமாயிருந்தார். வறிய மாணவர்க்கு உதவும் புலமைப்பரிசில் நிதியம் நாடளாவிய அளவில் 1945இல் அமைவதற்கும் அவரே மூலவர். இனி இத்தகைய ஒருவர் வந்து தடுக்காவிடின், திறமையுள்ள ஏழைப் பிள்ளை பணமின்மையாற் படிப்பை நிறுத்துவது ஊழ்வினை என்றே ஊரார் எண்ணிக்கொண்டிருப்பர்.

1948இல் அவர் எடுத்த முடிவு நம் வரலாற்றில் தனித்து நிற்பது. அரசாங்கப் பணியின் உச்சத்துக்குச் செல்லும் பாதை திறந்திருந்தபோது அதனைத் துறந்து ஸாஹிறாவின் அதிபர் நாற்காலியில் அமர்ந்தார். 1961 வரை அப்பணியில் இருந்தார். சிவில் சேவை உத்தியோகத்தர் என்றால் ஊரே எழுந்து நின்ற காலம் அது. ஆசிரியப் பணிக்கு அக்கவர்ச்சி இல்லை. அவர் காலத்து ஸாஹிறா சமய, இன வேறுபாடற்ற அறிவுக்கூடமாகத் திகழ்ந்தது. பிற்காலத்தில் தமிழுலகம் போற்றிய பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே கற்றவரே. சித்திலெவ்வை, ஒறாபி பாஷா, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரின் பணியைத் தம் எழுத்திலும் பேச்சிலும் அஸீஸ் மீண்டும் மீண்டும் நினைவுறுத்தினார். முன்னோரைப் பதியும் கடனை அவர் அறிந்திருந்தார். அவர்தம் பெயர் இன்று நமக்குத் தெரிவதில் அவர் எழுத்துக்களுக்குப் பெரும்பங்குண்டு. 1973இல் அவர் மறைந்தார். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்கு மறைவுக்குப் பின்னரான இலக்கிய கலாநிதிப் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. பிறந்த ஊரின் பல்கலைக்கழகம் தன் மகனுக்குச் செய்த மரியாதை அது.

பதியப்படாதோர்

இம்மூவரும் நற்பேறு பெற்றோர். அவர்தம் பெயர் தாங்கிய கட்டடங்கள் உண்டு. அவர்களைப் பற்றிய நூல்கள் உண்டு. ஆயின் அதிபர் ஒருவருக்குக் கீழ் எத்தனை ஆசிரியர் கற்பித்தனர்? அஸீஸ் அவர்களின் நிதியம் கைகொடுத்த மாணவனை, அக்கை நீளும் வரை படிப்பில் நிறுத்திவைத்த கிராமத்து ஆசிரியர் யார்? மேலே வந்த ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னும் கீழே நின்று தூக்கிவிட்ட ஒருவர் இருந்திருப்பார். அவரை எவரும் எழுதவில்லை.

எழுதாமல் விட்டால் என்ன நிகழும் என்பதை நம் தலைமுறை கண்கூடாகக் கண்டது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் தம் வாழ்விடங்களிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அஸீஸ் பிறந்த யாழ்ப்பாணத்து முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். அவருக்குப் பட்டம் வழங்கிப் பத்தாண்டுகளே கழிந்திருந்தன. வீடு, நிலம், நகை இழந்ததைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். பாடசாலைகளின் சம்பவத் திரட்டுப் புத்தகங்களையும் மத்ரஸாக்களின் பதிவேடுகளையும் கையில் எடுத்துக்கொண்டு வருவதற்கு அன்று யாருக்கு அவகாசம் இருந்தது? புத்தளத்து அகதி முகாம்களில் ஓலைக் கொட்டில்களின் கீழ்ப் பிள்ளைகளைத் திரட்டி மறுபடியும் பாடம் தொடங்கிய ஆசிரியர்களும் தாமே அகதிகளாக இருந்தனர். 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களைத் தாக்கியபோது மனிதரோடு ஏடுகளும் சென்றன. ஆசான்களின் நினைவை ஏட்டில் ஏற்றாமல் மனிதரின் நெஞ்சில் மட்டும் விட்டுவைத்தால் அந்நெஞ்சங்களோடு அதுவும் அடங்கிவிடும்.

இன்னும் மறைவாக இருப்போர் குர்ஆன் ஓதக் கற்பித்தோர். பள்ளிவாசல் தரும் சிறு ஊதியத்தில் வாழ்நாளைக் கழித்த லெவ்வைமார்க்கு ஓய்வூதியமும் இல்லை, ஓய்வும் இல்லை. வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை அமர்த்தி ஓதிக்கொடுத்த பெண்மணிகளுக்கு அவ்வூதியமும் இல்லை. ஆனால் அவர்களைப் போற்றும் ஓர் அழகிய வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. பிள்ளை குர்ஆனை ஓதி முடித்துக் கத்தம் செய்யும் நாளில் ஓதிக்கொடுத்தவர்க்குப் புத்தாடையும் அன்பளிப்பும் வழங்கினர். ஆசானின் மரியாதையும் மாணவனின் நிறைவும் ஒரே நாளில் ஒரே விரிப்பில் நிகழ்ந்தன. பணி ஓய்வு பெறும்வரை அம்மரியாதை காத்திருக்கவில்லை. கற்றதற்குச் சான்றாக மாணவன் சபையில் ஓதிக் காட்டினான். எந்தப் பாராட்டுரையும் அதற்கு ஈடாகாது.

செய்யத்தக்கது

எனவே நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. பொன்னாடை இருக்கட்டும், அதனோடு ஒரு பதிவும் இருக்கட்டும். ஒவ்வோர் ஊரிலும் பாடசாலையும் அரபுக் கல்லூரியும் பள்ளிவாசல் நிருவாகமும் இணைந்து அவ்வூரின் ஆசான்களுக்கென ஒரு நூல் தொடங்க வேண்டும். பெயர், பிறந்த ஊர், கற்ற இடம், கற்பித்தோர், பணி தொடங்கிய ஆண்டு, கற்பித்த பாடம், ஊருக்குச் செய்த சேவை, நினைவிலுள்ள மாணவர் சிலர் என இவ்வளவே போதும். அரை மணி நேரம் அவரருகில் அமர்ந்து கேட்டால் இவை கிடைத்துவிடும்.

இதில் மூன்று விதிகளைப் பேண வேண்டும். ஆசான் உயிருடன் இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுத வேண்டும். அடைமொழியை நீக்கிச் செய்தியை எழுத வேண்டும். மௌலவியும் பட்டதாரி ஆசிரியரும் ஓதிக்கொடுத்த பெண்மணியும் ஒரே நூலில் இடம்பெற வேண்டும். கொழும்பில் ஸாஹிறா தோன்றிய அதே 1892இல்தான் காலியில் பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரியும் தோன்றியது. ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரு ஓடைகளை நாம் இரு வேறு உலகங்களாகப் பிரித்துவிட்டோம். ஆசான்களின் ஏட்டிலாவது அவை ஒன்றுசேரட்டும்.

நமக்கு அலிஃப் சொல்லித்தந்தவர் நம் தெருவில் வாழ்ந்த ஒரு மூதாட்டி. தெருப் பிள்ளைகள் அனைவருக்கும் அவர் ஓதிக்கொடுக்கும் மூத்தம்மா. இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது அவருடைய இயற்பெயர் நமக்குத் தெரியாது என்பதை உணர்ந்து திடுக்கிட்டோம். அறிவிப்பாளர்களின் பெயர்வரிசையை ஆண்டுதோறும் மாணவர்க்கு மனனம் செய்விக்கும் நமக்கு, நம் சொந்தச் சங்கிலியின் முதற்கண்ணியின் பெயர் தெரியவில்லை. ஊருக்குச் சென்று பள்ளிவாசலின் ஜனாஸாப் பதிவேட்டைப் பார்த்தோம். பெயர் இருந்தது; கணவரின் பெயரும் மறைந்த திகதியும் இருந்தன. தொழில் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்தது.

பதிவேட்டில் கை வைக்க நமக்கு உரிமையில்லை. வீடு திரும்பி, நம் ஆசான்களின் பெயர்களை எழுதிவைத்திருக்கும் குறிப்பேட்டில், அரபுக் கல்லூரி உஸ்தாதுமார்க்கு முன்னர், முதல் வரியாக அவர் பெயரை எழுதினோம். அதன் கீழே, தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தார் என்று குறித்தோம். அல்லாஹ் அவருடைய கப்றை ஒளிமயமாக்குவானாக. நமக்குக் கற்பித்த ஒவ்வொருவரின் நற்செயலையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.